வேண்டும் என்று தோன்றாத நாட்கள்

1

முடக்குவாதம் வந்தவர்களிடம் எல்லோரும் விசாரிப்பது வலியைப் பற்றி. வலியைச் சொல்வது எளிது. அதற்கு இடம் உண்டு. மணிக்கட்டு, விரல் கணு, முன்பாதம் என்று தொட்டுக் காட்டலாம். வீங்கிச் சிவந்திருந்தால் காட்டக்கூட வேண்டாம், பார்க்கிறவருக்கே தெரியும்.

வலி அடங்கியிருக்கும் நாளில் ஒன்றும் செய்யத் தோன்றாமல் உட்கார்ந்திருப்பதை யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தாலும் தொட்டுக் காட்ட இடமில்லை. மேஜைமேல் ஒரு சிறுகதைத் தொகுப்பின் புரூஃப் கிடக்கிறது. பிடித்த வேலை, பிடித்த எழுத்தாளரும்கூட. கை வலிக்கவில்லை. கண்ணாடியும் சிவப்புப் பேனாவும் அங்கேயே இருக்கின்றன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாலைந்து எட்டு. போக முடியும். போக வேண்டும் என்று தோன்றவில்லை.

இதைச் சோம்பல் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்கள் சொல்லாததை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்தத் தோன்றாமையோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவ்வப்போது யோசித்து எழுதிவைத்தவை இவை.

2

விடியற்காலம்தான் கடினம். விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்க முடியாது. காபி ஃபில்டரின் மேல்பாத்திரம் இறுகிக்கொண்டால் திருக முடியாது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அடுப்படித் திண்டில் சாய்ந்து நிற்பேன். கும்பகோணத்தில் அந்த நேரத்துக்குத் தெருவெல்லாம் கோலம் போட்டு முடித்திருப்பார்கள்.

மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது. வயதாகி மூட்டுத் தேய்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் அரைமணிக்குள் விலகிவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரம் தாண்டியும் நிற்கும். உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் மூட்டுகளையே தாக்கும் நோய் இது. அந்தத் தாக்குதலை மூட்டிவிடும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் பின்னிரவில் ஏறத் தொடங்கி விடியற்காலத்தில் உச்சத்துக்கு வருகிறது. ஊர் முழுக்க நல்ல நேரம் என்று எழுந்திருக்கும் அந்த வேளையில் என் ரத்தத்தில் அழற்சி உச்சத்தில் இருக்கிறது.

இது தெரிந்த பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலை பத்து மணி வரை என்னைப் பற்றி நான் எந்தத் தீர்ப்பும் எழுதுவதில்லை. ‘இன்று ஒன்றும் ஆகாது’, ‘இந்த வேலையை விட்டுவிடலாம்’, ‘எதற்கு இதெல்லாம்’ என்று என்ன தோன்றினாலும் சரி, பத்து மணிக்கு மேல் வா என்று அனுப்பிவிடுகிறேன். சில தீர்ப்புகள் பத்து மணிக்கு வருவதே இல்லை.

3

நம் ஊரில் ஊக்கம் என்பது பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் ஆகிவிடுகிற ஒன்று. ஔவையின் ஆத்திசூடியில் அதற்கு ஒரு வரி உண்டு. பாரதி பாப்பாவுக்குச் சொன்ன புத்திமதியிலும் சோம்பலுக்குக் கண்டனம் உண்டு. திருக்குறளிலோ ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று 60, 61, 62-ஆம் அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. முப்பது குறள். ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள் எந்தத் தெருவிலும் இருப்பார்கள்.

ஆரோக்கியமாக இருக்கும்வரை இவை உற்சாகம் தருகின்றன. நோய் வந்து படுத்தபின் இதே வரிகள் வேறு குரலில் கேட்கின்றன. உடலால் முடியாமல் போனதை மனதால் செய்யாமல் விட்டதாகக் கணக்கெழுதுகின்றன. பார்க்க வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். “மனசு வெச்சா முடியாதது என்னம்மா இருக்கு?” அன்பாகத்தான் சொல்கிறார்கள். கூடவே முடக்கத்தான் தோசை, உருளைக்கிழங்கு ஆகாது என்ற பத்தியம், இன்னாருக்கு இன்ன ஊரில் குணமான கதை. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளலாம். மனசு வைப்பது என்பதை மட்டும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மனசை எங்கிருந்து எடுத்து வைப்பது?

அந்த மூன்று அதிகாரங்களும் பொருட்பாலில் அரசியல் என்ற பகுதியில் இருக்கின்றன. அரசனையும் காரியம் ஆற்றுபவனையும் முன்னால் நிறுத்திச் சொன்னவை. நோயாளிக்கு வள்ளுவர் வேறு அதிகாரம் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

4

1948 செப்டம்பர் 21. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மேயோ கிளினிக். இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, முடக்குவாதத்தால் அசைவதே பெரும்பாடு என்ற நிலையில் அங்கே இருந்தாள். பிலிப் ஹென்ச் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன் ஒன்றை, பின்னால் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்றதை, அவளுக்கு ஊசியாகப் போடத் தொடங்கினார்கள். சில நாட்களில் விறைப்பு இளகியது. ஒரு வாரத்துக்குள் அவள் கடைவீதிக்குப் போய்வந்தாள். 1950-இல் ஹென்ச்சுக்கும், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கார்ட்டிசோன் நோயைத் தீர்க்கவில்லை. அதிக அளவில் தொடர்ந்து போட்டால் என்னென்ன கெடுதல் வரும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. இன்றைக்கு அந்த வகை மருந்தான ஸ்டீராய்டு என்றாலே முகம் சுளிக்கிறோம். ஆனாலும் அந்தப் பெண்ணைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். ஊசிக்கு முந்தின வாரம் அவளிடம் மன உறுதி இல்லாமலா இருந்தது? ஊசி மன உறுதியையா உள்ளே செலுத்தியது? கடைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எழும் அளவுக்கு உடல் இடம் கொடுத்தது, போனாள். எழுந்து புறப்படும் ஆசைக்கும் ரத்தத்துக்கும் உறவு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

5

காய்ச்சல் வந்த நாய் என்ன செய்கிறது? மூலையில் சுருண்டு படுக்கிறது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதில்லை. கூப்பிட்டால் வாலை மட்டும் ஒருமுறை ஆட்டுகிறது. பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ ஆய்வாளர் 1988-இல் இதைப் பற்றி எழுதினார். நோயுற்ற விலங்கு சோர்ந்து கிடப்பது நோய் அதை வீழ்த்திவிட்டதால் மட்டும் அல்ல. கிருமியை எதிர்க்கும் ஆற்றலைச் சேமிக்க உடல் எடுக்கும் ஏற்பாடு அது என்றார். இரை தேடி அலையாமல், எதிரி கண்ணில் படாமல், காய்ச்சலுக்கு வேண்டிய எரிபொருளை மிச்சம் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. பிழைப்பதற்கான படுக்கை.

அந்த ஏற்பாட்டை மூளைக்குச் சொல்லி அனுப்புபவை சைட்டோகைன் என்னும் புரதங்கள். இன்டர்லூகின்-6 அவற்றில் ஒன்று. ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனை மருந்தாகவே ஊசியில் போட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களில் பலருக்குச் சோர்வும் மனத்தளர்ச்சியும் வந்தன. அதற்கு முன் அப்படி எதுவும் இல்லாமல் இருந்தவர்களும் அவர்களில் உண்டு.

நாய்க்குக் காய்ச்சல் இறங்கினால் எழுந்து வெளியே ஓடும். முடக்குவாதத்தில் கிருமி என்று ஒன்று இல்லை, அதனால் வெற்றி என்றும் ஒன்று இல்லை. படுத்திரு என்ற ஆணை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. சில வாரம் மெதுவாக, சில வாரம் உரக்க. எனக்கு அதில் ஓர் ஆறுதல். என்னைக் கட்டிலில் பிடித்து வைப்பது என் எதிரி இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது. ஆபத்து இல்லாத இடத்தில் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

6

அண்ணன் மகள் கல்லூரியிலிருந்து வந்து, என்னைக் கேட்காமலே காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைப் போட்டாள். அவளுக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. அத்தைக்குப் பிடிக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அன்று முழுக்கப் பாட்டு கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. ஆலாபனை மேல் ஸ்தாயிக்குப் போகும்போது நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். பழைய சந்தோஷம் குறையாமல் வந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் எலிகளிடம் பார்த்ததும் இதைத்தான். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை ஏறத்தாழ இல்லாமல் ஆக்கிவிட்டால் எலி சாப்பிடப் போகாது. உணவு பக்கத்திலேயே இருந்தாலும் பட்டினி கிடக்கும். ஆனால் அதன் வாயில் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுவிட்டால் மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கிச் சப்புக்கொட்டும். இனிப்பு அதற்கு இன்னும் இனிப்புதான். அதைத் தேடிப் போகச் செய்வதுதான் இல்லாமல் போயிருக்கிறது. தேடுவதும் ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்று அவர் காட்டினார். அழற்சி நீடித்தால் டோபமின் வழியாகத் தேடலைத் தூண்டும் பகுதி மந்தமாகிறது என்று பிற்காலத்து ஆய்வுகளும் சொல்கின்றன.

இதைப் படித்த அன்று நெடுநேரம் யோசித்தேன். எனக்கு எதிலும் ருசி போய்விட்டது என்று நினைத்திருந்த வருடங்களில் ருசி போகவில்லை. ருசியிடம் போகும் கால்தான் போயிருந்தது. அப்படியானால் ‘எனக்கு எதுவும் வேண்டாம்’ என்று மனம் சொல்வதை முழுதாக நம்ப வேண்டியதில்லை. பக்கத்தில் வந்துவிட்டால் பிடித்துவிடும் விஷயங்கள் நிறைய இருக்கலாம். தேடிப் போக மாட்டேன் என்பது மட்டும் உறுதி. எனவே அவை பக்கத்தில் இருக்க வேண்டும்.

7

பக்கத்தில் வைத்தல். இதைத்தான் இப்போது ஒரு சாதனை போலச் செய்துவருகிறேன்.

புரூஃப் கட்டுகள் மேஜையிலிருந்து கட்டில் பக்கத்து ஸ்டூலுக்கு வந்துவிட்டன. முந்தின நாள் நிறுத்திய இடத்தில் பேனாவைச் செருகி, பக்கத்தைத் திறந்தபடி வைத்துவிடுகிறேன். மூடிய கட்டைத் திறப்பதே சில நாள் மலையேற்றம். பேனாவில் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டித் தடிமனாக்கியிருக்கிறேன், இறுகப் பிடிக்க வேண்டாம். விரலுக்கான பயிற்சிப் பந்து தலையணைக்குப் பக்கத்தில். தண்ணீர்ச் செம்புக்குப் பதில் கைப்பிடி வைத்த டம்ளர். குழாய்களுக்குத் திருகுப்பிடி போய் நீளப்பிடி வந்தது. புடவை மெல்ல நைட்டிக்கும் சுடிதாருக்கும் வழிவிட்டது. கொசுவம் பிடிப்பதில் போகும் விரல்பலம் இரண்டு பக்கத்துக்குப் பிழை பார்க்கப் போதும்.

இவற்றை வலிக்கான வசதிகள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைவிட அதிகம் செய்கின்றன. ஒரு வேலைக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு சின்னத் தடையும் ‘வேண்டும்’ என்ற உந்துதலைக் கொஞ்சம் கேட்கிறது. என்னிடம் அது குறைவாக இருக்கும் நாட்களில், தடைகளைக் குறைப்பதுதான் நான் செய்யக்கூடிய ஒரே முயற்சி. அந்த முயற்சியையும் தெம்பு இருக்கும் நாளிலேயே செய்து வைத்துவிட வேண்டும்.

8

நல்ல நாள் வந்தால் கை பரபரக்கும். அலமாரியை ஒழுங்கு பண்ணலாம், ஊறுகாய் போடலாம், தள்ளிப்போட்ட மூன்று வேலைகளை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று தோன்றும். நெடுநாள் நோயாளிகள் எல்லோருக்கும் இந்தப் பரபரப்பு தெரியும். அதற்குப் பின்னால் வரும் படுக்கையும் தெரியும். ஏற்றமும் வீழ்ச்சியுமாகப் போகும் இந்தச் சுழலை உடைக்க மறுவாழ்வு மருத்துவத்தில் ஒரு முறை சொல்கிறார்கள். களைத்துப்போகும் முன் நிறுத்து. உடல் விட்டபடியெல்லாம் ஓடாமல், முன்பே தீர்மானித்த அளவில் வேலையையும் ஓய்வையும் மாற்றி மாற்றி வை.

என் அளவு இது. மோசமான நாளில் அரைப் பக்கம். நல்ல நாளில் ஆறு பக்கத்துக்கு மேல் இல்லை. கீழ் எல்லை பார்க்க வெட்கமாக இருக்கும் அளவுக்குச் சின்னது. சின்னதாக இருப்பதால்தான் அதை மனதிடம் அனுமதி கேட்காமல் செய்ய முடிகிறது. மேல் எல்லைதான் உண்மையில் கடினம். ஏழாவது பக்கத்தில் கதை உச்சத்தில் நிற்கும்போது பேனாவை மூடுவதற்கு, மோசமான நாளில் அரைப் பக்கம் பார்ப்பதைவிட அதிகமான கட்டுப்பாடு தேவைப்படுகிறது. ஊக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறுத்துவதற்கான ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

9

வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை நாள். மெத்தோட்ரெக்சேட். தினமும் போடும் மாத்திரை அல்ல, தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம். மறுநாள் குமட்டல், தலைக்கனம், யாரோடும் பேசப் பிடிக்காத ஒரு மந்தம். வேறொரு கிழமையில் அதன் பக்கவிளைவைத் தணிக்க ஃபோலிக் அமில மாத்திரை.

இந்த இரண்டு மாத்திரைகளின் வரலாற்றிலும் ஒரே மனிதர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய சகோதரர்கள் இருவர் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவரையும் அந்த நோய் பிடித்தது, பிழைத்துக்கொண்டார். 1920-களில் அமெரிக்கா போனார். 1940-களில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இருந்த குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்ப்ரூவில் வரும் ரத்தசோகைக்கு அது மருந்தாயிற்று. அதே கூடத்தில், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருட்களையும் உருவாக்கினார்கள். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அவற்றைக் கொடுத்துப் பார்த்தார். அந்த வகையில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். குறைந்த அளவில் வாரம் ஒருமுறை என்று அது முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அதிகாரப்பூர்வ ஒப்புதல் பெற்றது 1988-இல். சுப்பாராவ் 1948-லேயே இறந்துவிட்டார்.

மாத்திரை நாளில் எனக்கு ஒன்று புலப்படுகிறது. நாளைக்கு என்னைப் படுக்கவைக்கும் என்று தெரிந்தே இன்றைக்கு இந்த மஞ்சள் மாத்திரைகளை விழுங்குகிறேன். இதற்கு உற்சாகம் எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும் நிற்கவில்லை. ஏனென்றால் அந்தக் கிழமை வந்ததும் ‘போடலாமா’ என்ற கேள்வியை நான் எழுப்புவதில்லை, கிழமை முன்பே தீர்மானமாகிவிட்டது. மனம் ஒத்துழைக்காமலே வருடக்கணக்கில் ஒழுங்காக நடந்துவரும் காரியம் ஒன்று என் வாழ்க்கையில் இருக்கிறது. அப்படியானால் இன்னும் ஒன்றிரண்டும் இருக்க முடியும்.

10

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் முடக்குவாதக்காரர். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போய், கடைசி வருடங்களில் சக்கர நாற்காலியில் இருந்தபடி வரைந்தார். 1919-இல் இறக்கும்வரை வரைந்துகொண்டிருந்தார். மன உறுதிக்கு உதாரணமாக நோயாளிகளிடம் அடிக்கடி சொல்லப்படும் பெயர். என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

1915-இல் சாஷா கித்ரி எடுத்த ஒரு மௌனப் படத்தில் அவர் வரைவதைப் பார்க்கலாம். வெள்ளைத் தாடி, தொப்பி, துணி சுற்றிய கைகள். தோல் புண்ணாகாமல் இருக்கத்தான் அந்தத் துணி. திரையில் எல்லோரும் பார்ப்பது தூரிகை போகும் வேகத்தை. எனக்கு அவருடைய கடைசி மகன் கிளோதுதான் கண்ணில் நிற்கிறான். சிறுவன். பக்கத்தில் நின்று வண்ணத்தட்டை ஒழுங்கு செய்கிறான், தூரிகையை எடுத்து அப்பாவின் கையில் செருகுகிறான்.

1907-இல் கான்-சுர்-மெர் ஊரில் ஆலிவ் தோப்போடு அவர் ஓர் இடம் வாங்கினார். தூக்கிச் சுமக்க ஆள், சமைக்க ஆள், மாதிரிக்கு நிற்க ஆள் எல்லாம் இருந்தார்கள். பெரிய துணியில் வரையும்போது கை எட்டாத இடம் எட்டும்படி துணியையே உருளையில் சுற்றி நகர்த்தினார்கள். 1913 முதல் ரிச்சர்ட் கீனோ என்ற இளம் சிற்பி, இவர் சொல்லச்சொல்லச் சிற்பம் செய்தார். இதனால் ரெனுவாரின் உறுதி குறைந்துவிடாது. ஆனால் அந்த உறுதி தனியாக நின்றதில்லை. தூரிகை கைக்கு வந்தது, யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். ரெனுவார் கதையை எங்களிடம் சொல்கிறவர்கள் கிளோதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

11

வள்ளுவர் நோயாளிக்கு வைத்த அதிகாரம் 95-ஆவது, மருந்து. அதன் கடைசிக் குறளில் மருத்துவம் நான்கு பகுதிகளால் ஆனது என்கிறார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, நான்காவதாக அதை உடனிருந்து தருபவர்.

நோயாளி தன் மன உறுதியால் எழ வேண்டும் என்று அங்கே இல்லை. உடனிருப்பவரை மருந்துக்குப் பக்கத்தில், அதே வரிசையில் வைத்திருக்கிறார். அடுத்தவர் கையால் வருவது மருத்துவத்தின் ஓர் அங்கம். அதை வாங்கிக்கொள்வது நோயாளியின் பலவீனம் ஆகாது. ஊக்கமுடைமையை ஒப்பித்த பிள்ளைகளுக்கு இந்தக் குறளையும் கூடவே சொல்லிக்கொடுக்கலாம்.

எல்லோருக்கும் உடனிருப்பவர் வாய்ப்பதில்லை. தனியாக இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே நாலாவது ஆளாக இருக்க வேண்டியிருக்கிறது. தெம்புள்ள நாளில் தெம்பில்லாத நாளுக்காக எடுத்துவைப்பது அதுதான். ஒரு டப்பா மாவு, திறந்து வைத்த புத்தகம், வாரம் ஒருநாள் இன்ன நேரத்துக்குப் போன் பேச வேண்டும் என்று ஒரு தோழியோடு உடன்படிக்கை. அந்தத் தோழிக்கும் ஏதாவது நோய் இருந்தால் இன்னும் நல்லது. விளக்கம் சொல்ல வேண்டாம்.

12

நான் சொல்லும் இந்த வழிகளை எல்லா நோய்க்கும் பொதுவாக்கக் கூடாது. கொஞ்சம் செய்யத் தொடங்கினால் மனம் பின்னாலேயே வரும் என்பது மனச்சோர்வு சிகிச்சையில் சொல்லப்படும் வழி. முடக்குவாதக் களைப்புக்கும் மிதமான நடை, அசைவு நல்லது. ஆனால் எம்.ஈ. எனப்படும் நாட்பட்ட களைப்பு நோயில் உடல் தாங்கும் அளவைத் தாண்டினால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் விழுந்துவிடுகிறார்கள். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை அவர்களுக்குத் தரக்கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. யாருடைய உடலுக்கு எது என்று தெரியாமல் ‘எழுந்திரு’ என்று சொல்வது ஆபத்தாகவும் முடியலாம்.

களைப்புக்கு வேறு காரணமும் இருக்கும். ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தியது. நோய்தான் காரணம் என்று எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிடாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கிறேன். தேடிப் போகத் தோன்றாமல் இருப்பது ஒன்று. பக்கத்தில் வந்தபிறகும் எதுவும் இனிக்காமல் போவது வேறு. நாதஸ்வரமும் வெறும் சத்தமாகி, குழந்தை வந்து மடியில் ஏறினாலும் ஒன்றும் அசையாமல், இருந்து என்ன என்ற நினைப்பு பத்து மணிக்குப் பிறகும் விலகாமல் நாட்கள் போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முடக்குவாதக்காரர்களுக்கு அது கூடுதலாக வருகிறது. அதற்கும் மருந்து உண்டு, பேசும் சிகிச்சை உண்டு. வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மூட்டு வீங்கினால் சொல்வதைப் போல இதையும் சொல்லிவிட வேண்டும்.

13

கடைசியாக, உடனிருப்பவர்களுக்கு.

“என்ன வேணும்?” என்று எங்களிடம் கேட்காதீர்கள். அன்பான கேள்விதான். ஆனால் எங்களிடம் எது பழுதாகியிருக்கிறதோ அதையே எடுத்து வேலை செய்யச் சொல்கிற கேள்வி. என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் பாதி நோய் குறைந்த மாதிரி. பதிலுக்கு வருவது ‘ஒண்ணும் வேண்டாம்’தான். நீங்கள் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். நாங்களும் மெய்யென்று நம்பிவிடுவோம்.

பந்தியில் பரிமாறுகிறவர்கள் செய்வதைச் செய்யுங்கள். இலைக்காரர் போதும் என்று கையை நீட்டினாலும் ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். பிடித்தால் சாப்பிடலாம், இல்லாவிட்டால் இலையில் கிடக்கட்டும். என் அண்ணிக்கு இது இயல்பாகவே வருகிறது. “புரூஃப் பாக்கறியா?” என்று அவர் கேட்பதில்லை. காபியைக் கொண்டுவந்து கட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, “அந்தக் கதையில அந்தப் பொண்ணு கடைசியில என்ன ஆனா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். பதில் சொல்வதற்காகப் பக்கத்தைப் புரட்டுவேன்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் வேண்டாம் என்றால் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடியாது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். எங்களுக்கே சில நேரம் இரண்டும் குழம்பும். நான் வைத்திருக்கும் சோதனை, ஐந்து நிமிடம். தொடங்கி ஐந்து நிமிடத்தில் உடல் இளகினால் அது ‘வேண்டாம்’தான், மேலே போகலாம். வலியோ தளர்ச்சியோ ஏறினால் அது ‘முடியாது’. அன்றைக்கு அரைப் பக்கமும் வேண்டாம். படுத்துக்கொள்வதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

நாங்கள் உற்சாகமாக எழுந்து வருவோம் என்று காத்திருக்காதீர்கள். நாங்களும் காத்திருப்பதை விட்டுவிட்டோம். உற்சாகம் வரும் நாளில் வரட்டும். வராத நாளில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வேலையும், காதுக்கு எட்டும் தூரத்தில் ஒரு பாட்டும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஓர் ஆளும் இருந்தால் எங்களுக்குப் போதும்.